மணல் சுவரின் இந்தப் பக்கம்: சஹ்ராவி முகாம் பயணக் குறிப்புகள்

செவ்வாய், லான்சரோட்டே

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்கு ஆட்கள் எரிமலையும் கடற்கரையும் பார்க்க வருகிறார்கள். நான் பார்க்க வந்தது அதன் விமான நிலையத்தை. 2009 நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 17 இரவு வரை, மொத்தம் 32 நாள், அமினாத்து ஹைதர் என்ற சஹ்ராவி மனித உரிமைப் போராளி இங்கே சாப்பிடாமல் கிடந்தார். சர்க்கரை கலந்த தண்ணீர் மட்டுமே குடித்தார்.

ஹைதரின் ஊர் லாயூன், மேற்கு சஹாராவின் பெரிய நகரம். அந்த நிலத்து மக்களைத்தான் சஹ்ராவிகள் என்கிறோம். இங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த நிலம் 1975 வரை ஸ்பெயினின் காலனியாக இருந்தது. அதன் பிறகு பெரும்பகுதி மொராக்கோவின் பிடியில். 2009 அக்டோபரில் நியூயார்க்கில் அவருடைய துணிச்சலுக்காக ஒரு விருது கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நவம்பர் 13 அன்று லாயூனில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நிரப்பும் படிவத்தில் தன் இடம் மேற்கு சஹாரா என்று எழுதினார். மொராக்கோ குடிமகள் என்று எழுத மறுத்துவிட்டார். பிடித்து வைத்து விசாரித்தார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு மறுநாள் லான்சரோட்டே வரும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. பாஸ்போர்ட் இல்லாத பெண்ணை ஸ்பெயின் அதிகாரிகள் தாராளமாக உள்ளே விட்டார்கள். உடனே திரும்பிப் போகிறேன் என்று அவர் கேட்டபோது, பாஸ்போர்ட் இல்லாமல் எப்படி ஏற்றுவது என்றார்கள். உள்ளே வரும்போது கேட்காத காகிதத்தை வெளியே போகும்போது கேட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்டார் ஹைதர்.

ஸ்பெயின் அரசு தவித்துப்போனது. அகதி அந்தஸ்து தருகிறோம் என்றது. மறுத்தார். ஸ்பெயின் குடியுரிமையே தருகிறோம் என்றது. அதையும் மறுத்தார். மன்னரிடம் மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்று மொராக்கோ பக்கமிருந்து பேச்சு வந்தது. அதற்கு அவர் அசைந்தே கொடுக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் இரண்டும் இருக்கிற தன் வீட்டுக்குப் போக வேண்டும், எந்த நிபந்தனையும் இல்லாமல்.

டிசம்பர் 4 அன்று ஒரு விமானத்தில் ஏற்றியும்விட்டார்கள். லாயூனில் இறங்க அனுமதி இல்லை என்று மொராக்கோ சொன்னதும் விமானம் கிளம்பாமலே நின்றது. அவரை மறுபடி நிலையத்துக்கே கொண்டு வந்தார்கள். இந்தத் தீவிலேயே குடியிருந்த போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ, தள்ளாத வயதில், வந்து பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பாரிசும் வாஷிங்டனும் தலையிட்ட பிறகே மொராக்கோ இறங்கி வந்தது. டிசம்பர் 17 அன்று வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தவரை அன்றிரவே விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

நிலையத்தில் இன்று ஒரு அடையாளமும் என் கண்ணில் படவில்லை. ஓடுபாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. வெளியே நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆட்கள் விமானம் இறங்குவதைப் படம் எடுக்கிறார்கள். என்னை ஏற்றி வந்த டாக்ஸிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "ஹைதரா? தெரியாமலா?" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் கிடந்தது எந்தப் பக்கம், ஆதரவாளர்கள் போர்வை போர்த்திக்கொண்டு எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கை நீட்டிக் காட்டினார். "கடைசி வாரத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் முகமே இல்லாத மாதிரி இருந்தது. நாங்கள் பயந்துபோனோம், இங்கேயே போய்விடுவாரோ என்று." அவர் சொன்ன அந்தக் கண்ணாடியை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் கண்ணைக் கட்டி இருட்டில் வைத்ததில் கெட்டுப்போன கண்கள் அவை. அந்தக் கதையை முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன்.

புதன், லாஸ் பால்மாஸ்

இன்று அதிகம் இல்லை. பக்கத்துத் தீவுக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் உணவகம் நடத்தும் ஒரு சஹ்ராவிக் குடும்பத்தைப் பார்த்தேன். இந்த நகரத்தில் சஹ்ராவிகள் நிறைய. ஸ்பெயின் ஆண்ட காலத்துத் தொடர்பு இன்னும் விட்டுப்போகவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் ஒரு கருத்துரை சொன்னது. மொராக்கோ சுல்தானுக்கும் சில சஹாரா குலங்களுக்கும் விசுவாசத் தொடர்பு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மக்கள் தங்கள் தலைவிதியைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமையைத் தட்டிப் பறிக்கும் அளவுக்கு அது இறையாண்மை ஆகாது என்றது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6 அன்று, மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் 3,50,000 பேரைத் திரட்டி எல்லை தாண்டி அனுப்பினார். 'பச்சைப் பேரணி' என்று பெயர். ஸ்பெயினில் பிராங்கோ சாகக் கிடந்த நேரம். நவம்பர் 14 அன்று மத்ரித்தில் ஒப்பந்தம் போட்டு நிலத்தை மொராக்கோவுக்கும் மவுரித்தானியாவுக்கும் விட்டுவிட்டுக் கிளம்பியது ஸ்பெயின். சஹ்ராவிகளை யாரும் கேட்கவில்லை. 1973-லேயே தொடங்கியிருந்த சஹ்ராவி விடுதலை இயக்கமான பொலிசாரியோ முன்னணி, 1976 பிப்ரவரி 27 அன்று சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசை அறிவித்தது. மவுரித்தானியா 1979-ல் விலகிக்கொண்டது. மொராக்கோவுடனான போர் 1991 வரை நீண்டது.

உணவகத்துப் பெரியவர் மேற்கு சஹாராவிலுள்ள பூக்ரா பாஸ்பேட் சுரங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து கடற்கரைக்குப் பாஸ்பேட்டைக் கொண்டுபோகும் பெல்ட் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளம். "உங்கள் ஊருக்கும் கப்பல் வந்திருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். அந்த பாஸ்பேட் இந்தியத் துறைமுகங்களில் இறங்கியிருக்கிறது, உரமாகியிருக்கிறது. நம் ஊர் செய்தித்தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூடப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

வெள்ளி, ஸ்மாரா முகாம்

நேற்று இரவு மத்ரித்திலிருந்து மருந்துப் பெட்டிகளோடு வந்த ஸ்பெயின் ஆதரவுக் குழுவோடு சேர்ந்து அல்ஜீரியாவின் திந்தூஃபில் இறங்கினோம். காவல் வண்டிகள் முன்னும் பின்னுமாகக் கூட்டி வந்தன. 2011 அக்டோபரில் இங்கே ரபூனி என்ற இடத்தில் மூன்று ஐரோப்பிய உதவிப் பணியாளர்களைக் கடத்திக்கொண்டு போனதிலிருந்து வெளிநாட்டுக்காரர்களைத் தனியாக விடுவதில்லை.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தேன். மணல்மேடுகளை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி. ஹமாதா என்கிற கல்தரை. மரம் கிடையாது, நிழல் கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் மண்கல் வீடுகள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம், கூரையில் சூரியத் தகடு, வாசலில் லாரி வந்து நிரப்பும் தண்ணீர்த் தொட்டி. ஊர் ஓரத்தில் பழைய கார்க் கதவையும் கம்பியையும் கட்டி அடைத்த ஆட்டுப்பட்டிகள். ஆடுகள் அட்டைப் பெட்டியைத் தின்கின்றன, வேறு என்ன இருக்கிறது தின்ன?

போருக்குத் தப்பி வந்த சஹ்ராவிகளின் அகதி முகாம்கள் மொத்தம் ஐந்து: லாயூன், ஸ்மாரா, அவ்செர்த், தாக்லா, புஜ்தூர். அத்தனையும் விட்டு வந்த ஊர்களின் பெயர்கள். நிர்வாகம் ரபூனியில் இருக்கிறது. 2018-ல் ஐ.நா. அமைப்புகள் இங்கே 1,73,600 பேர் இருப்பதாகக் கணக்கிட்டன. மாவு, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் உதவியாக வருபவை. 2015 அக்டோபரில் கொட்டிய மழையில் ஆயிரக்கணக்கான மண்வீடுகள் கரைந்து போயின. மறுபடியும் கட்டினார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரை அக்கா என்றே எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன், அவருடைய தங்கை லாயூன் நகரத்தில் இருக்கிறார். அக்காவின் மூத்த மகன் கியூபாவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். எங்களுக்கு நடுவில் ஸ்பானிஷ் பாலம் போடுவது அவர்தான்.

வந்தவுடன் தேநீர். அது ஒரு மணி நேர வேலை. சிறிய கரியடுப்பில் எனாமல் கெட்டில், தட்டில் விரல் உயரக் கண்ணாடிக் குவளைகள். பச்சைத் தேயிலையைக் கொதிக்கவிட்டு, கைநிறையச் சர்க்கரை போட்டு, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத் தூக்கி ஊற்றுகிறார் அக்கா. திரும்பவும் ஊற்றுகிறார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஒவ்வொரு குவளையிலும் பாதி உயரத்துக்கு நுரை கெட்டியாக நின்ற பிறகே தேநீரை வார்க்கிறார். மூன்று சுற்று குடித்தாக வேண்டும், நடுவில் எழுந்து போனால் மரியாதை இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் பேச்சு.

ஹைதர் பெயரைச் சொன்னதும் அக்கா ஊற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அமினாத்து எங்கள் வீட்டுப் பெண்," என்றார். அவர் உறவு ஒன்றும் இல்லை. இந்த முகாமில் இருக்கும் எல்லாருக்குமே அமினாத்து வீட்டுப் பெண்தான்.

ஹைதரின் கதை 1987 நவம்பரில் தொடங்குகிறது. அப்போது அவருக்கு இருபதைத் தாண்டிய வயது. பொதுவாக்கெடுப்பு நடத்துவது பற்றி ஆராய ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் அனுப்பிய குழு லாயூனுக்கு வரவிருந்தது. வரும் நாளில் அமைதியாகத் தெருவில் நிற்கலாம் என்று இளைஞர்கள் பேசி வைத்திருந்தார்கள். குழு வருவதற்குள் வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு போனது மொராக்கோ போலீஸ். ஹைதரையும் பிடித்தார்கள். வழக்கு இல்லை, நீதிபதி இல்லை, எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை. நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பெரும்பாலான நேரம் கண்ணைக் கட்டியே வைத்திருந்தார்கள். அடி, மின்சாரம், பட்டினி. 1991 ஜூனில், நூற்றுக்கணக்கான சஹ்ராவிகளை ரகசியச் சிறைகளிலிருந்து திறந்துவிட்டபோது அவரும் வெளியே வந்தார். செத்துவிட்டார்கள் என்று குடும்பங்கள் துக்கம் காத்து முடித்திருந்த ஆட்கள் அன்றைக்கு வாசலில் வந்து நின்றார்கள்.

அக்கா இதை முழுக்கக் கேட்டுவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார். அவர் மொழிபெயர்த்தார்: "எல்லாரும் வரவில்லை. அதையும் எழுதச் சொல்கிறார் அம்மா."

சனி, ரபூனி

காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து 1989-ல் தொடங்கிய சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. உள்ளே சுவரில் முகங்கள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படங்கள், விளிம்பு தேய்ந்தவை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை குடும்பங்களுக்குத் தெரியாது.

இந்த வரிசை மொராக்கோ வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முகமது பஸ்ஸிரி என்ற பத்திரிகையாளர், ஆசிரியர். 1970 ஜூன் 17 அன்று லாயூனின் ஸெம்லா பகுதியில் ஸ்பெயினுக்கு எதிராக முதல் பெரிய கூட்டத்தைக் கூட்டினார். ஸ்பெயின் படை சுட்டது. அன்றிரவு பஸ்ஸிரியைப் பிடித்தார்கள். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அதே தேதியில்தான், 2005 ஜூன் 17 அன்று, ஹைதரை இரண்டாவது முறை பிடித்தார்கள். லாயூனில் மக்கள் மறுபடியும் தெருவுக்கு வந்திருந்த நாட்கள் அவை. சஹ்ராவிகள் அதை 'இன்திஃபாதா', அதாவது எழுச்சி, என்கிறார்கள். ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரின் தலையில் போலீஸ் அடித்தது. முகமெல்லாம் ரத்தம் வழிய அவர் நிற்கும் படம் உலகம் சுற்றியது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட கையோடு கைது. லாயூனின் 'கருப்புச் சிறை'யில் அடைத்தார்கள். அங்கே மற்ற கைதிகளோடு சேர்ந்து வாரக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார். அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவரை விடுதலை செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டது. டிசம்பரில் நீதிமன்றம் ஏழு மாதத் தண்டனை கொடுத்தது. 2006 ஜனவரி 17 அன்று வெளியே வந்தார்.

1987-ல் நடந்ததும் 2005-ல் நடந்ததும் ஒரே போலீசின் கைவேலை என்றாலும் இரண்டுக்கும் நடுவில் ஒன்று மாறியிருந்தது. முதல் தடவை அவர் எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. இரண்டாவது தடவை சிறைக்குள்ளிருந்தே படங்கள் வெளியே வந்தன, ஒரு அறையில் எத்தனை பேரைத் திணித்திருந்தார்கள் என்று உலகம் பார்த்தது. வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. கோதேசா என்ற சஹ்ராவி மனித உரிமை அமைப்புக்குத் தலைவரானார். ஊர் ஊராகப் போய் வாக்குமூலம் எழுதினார், வெளிநாடு வெளிநாடாகப் போய் அதை வாசித்தார். 2008-ல் ராபர்ட் கென்னடி மனித உரிமை விருது வந்தது. 2019-ல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதை கிரேட்டா துன்பெர்க்கும் அவரும் ஒரே ஆண்டில் பெற்றார்கள். 'சஹாராவின் காந்தி' என்று அவரை வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுகின்றன. காந்தியின் நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று யோசிக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மதியம் போர் அருங்காட்சியகம். பிடித்த பீரங்கி வண்டிகள் வெளியே வெயிலில் வரிசையாக நிற்கின்றன. மணல் சுவரின் மாதிரியையும் செய்து வைத்திருக்கிறார்கள். 1980-களில் மொராக்கோ கட்டியது அது. மண்ணையும் கல்லையும் குவித்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர், நெடுகிலும் கண்ணிவெடி. நிலத்தை இரண்டாக வெட்டுகிறது. கடலும் மீனும் பாஸ்பேட்டும் ஹைதரும் அந்தப் பக்கம்.

அருங்காட்சியகத்தில் சொல்லாத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். பொலிசாரியோ பிடித்து வைத்திருந்த மொராக்கோ போர்க்கைதிகளில் கடைசி 404 பேரை 2005 ஆகஸ்டில்தான் விட்டார்கள். சிலர் இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கல்தரையில் கிடந்தவர்கள். தன் மக்களிலேயே சந்தேகப்பட்டவர்களை 70-களிலும் 80-களிலும் அடைத்து வதைத்ததும் உண்டு. கியூபாவில் படித்த தம்பியிடம் கேட்டேன். தயங்காமல் தலையசைத்தார். "எங்கள் ஆட்கள் செய்ததும் தப்புத்தான். மறைத்தால் நாங்கள் அமினாத்து பெயரைச் சொல்லவே லாயக்கில்லாதவர்கள்."

திரும்பும் வழியில் அவர் அம்காலா பக்கத்துப் புதைகுழிகளைப் பற்றிச் சொன்னார். 1976 பிப்ரவரியில் மேய்ச்சலில் இருந்த எட்டுப் பேரை மொராக்கோ படையினர் சுட்டுக் கொன்றார்கள். அதில் இரண்டு பேர் சிறுவர்கள். 2013-ல் ஒரு ஆட்டிடையர் மணலில் எலும்பைப் பார்த்துச் சொல்ல, பாஸ்க் பகுதியிலிருந்து வந்த தடய மருத்துவ நிபுணர்கள் தோண்டி எடுத்தார்கள். டிஎன்ஏ பொருத்திப் பார்த்து இன்னார் இன்னார் என்று குடும்பங்களிடம் சொன்னார்கள். 37 வருடம். சங்கத்துச் சுவரில் இருக்கும் முகங்களின் வீட்டுக்காரர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது.

ஞாயிறு, ஸ்மாரா

காலையிலிருந்து மணல்காற்று. வெளியே போக வழியில்லை. பெண்கள் மெல்ஃபா துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். நான்கு மீட்டர் மெல்லிய துணி அது, சேலையைப் போலவே உடம்பைச் சுற்றித் தலைக்கு வருகிறது. அக்கா தன்னுடைய ஊதா நிறத்தை எனக்குக் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துக் கன்னத்தைத் தட்டினார்கள்.

அடைந்து கிடந்த மதியத்தில் அக்கா தன் கதையைச் சொன்னார். 1976-ல் அவருக்கு ஏழு வயது. உம் த்ரெய்காவில் தஞ்சம் புகுந்திருந்த கூட்டத்தில் இவர் குடும்பமும் இருந்தது. அந்தப் பிப்ரவரியில் மொராக்கோ விமானங்கள் அங்கே நேபாம் குண்டு போட்டன. பிழைத்தவர்கள் இரவில் நடந்து, லாரியில் தொற்றி, அல்ஜீரியா வந்தார்கள். இரண்டு வயதுத் தங்கை பாட்டியோடு லாயூனில் தங்கிவிட்டாள், கொஞ்ச நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்து விட்டு வந்தார்கள்.

தங்கையை அவர் மறுபடி பார்த்தது ஐ.நா. விமானத்தின் புண்ணியத்தில். 2004-லிருந்து 2014 வரை அகதிகள் ஆணையம் ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. சுவரின் இந்தப் பக்கமிருந்து கொஞ்சம் பேர், அந்தப் பக்கமிருந்து கொஞ்சம் பேர், ஐந்து நாள் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். பெயர் கொடுத்து வருடக்கணக்கில் காத்திருந்து போனார் அக்கா. "இறங்கினதும் யார் என் தங்கை என்று தெரியவில்லை. எல்லாப் பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள். யார் என் கையை விடவே இல்லையோ அவள்தான் என்று புரிந்துகொண்டேன்." ஐந்து நாளும் இருவரும் தூங்கவில்லையாம். 2014-ல் அந்த விமானமும் நின்றுபோனது.

இப்போது வாட்ஸ்அப்தான். அக்கா எனக்கு ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். தங்கையின் குரல்: பேத்திக்குக் காய்ச்சல் இறங்கியது, மீன் விலை ஏறிவிட்டது, மாடியில் துணி காயப்போடும்போது உன்னை நினைத்தேன். அவ்வளவுதான். அரசியல் ஒரு வார்த்தை இல்லை. போனை ஒட்டுக் கேட்கலாம் என்று இருவருக்கும் தெரியும். பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2021 நவம்பரில் ஹைதரின் இரண்டு தொலைபேசிகளுக்குள் பெகாசஸ் உளவு மென்பொருள் புகுந்ததை ஆம்னெஸ்டியின் ஆய்வகம் கண்டுபிடித்தது.

2009 டிசம்பர் 17 இரவைப் பற்றி மட்டும் தங்கை நேரில் பார்த்தபோது சொன்னாராம். ஹைதர் வந்துவிட்டார் என்று சேதி பரவியதும் தெருவெங்கும் போலீஸ். வீட்டுப் பக்கம் யாரையும் விடவில்லை. அதனால் பெண்கள் தங்கள் தங்கள் மாடியில் ஏறிக் குலவை போட்டார்கள். ஒரு மாடியில் ஓய்ந்தால் இன்னொரு மாடியில். யாரைப் போய்ப் பிடிப்பது என்று போலீசுக்குத் தெரியவில்லை. அக்கா சொல்லும்போதே நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து பதில் குலவை வந்தது, எதற்கு என்றே தெரியாமல்.

திங்கள், திந்தூஃப் விமான நிலையம்

விமானம் தாமதம். உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பயணத்தில் என்னிடம் பலரும் கேட்ட கேள்வி ஒன்று. இந்தியா 1985-ல் சஹ்ராவி குடியரசை அங்கீகரித்தது. தில்லியில் தூதரகம் இருந்தது. 2000-ல் அங்கீகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். ஏன்? இங்கே டீக்கடைக்காரருக்குக்கூட இந்த இரண்டு வருடங்களும் தெரிகின்றன. பாஸ்பேட்டும் மொராக்கோவோடு நெருக்கமும் என்று நான் பதில் சொன்னேன். யாரும் என்னிடம் கோபப்படவில்லை. இன்னொரு தேநீர் ஊற்றினார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலமும் இவர்களுக்கு எதிராகவே போகிறது. 1991-ல் போர் நின்றபோது பொதுவாக்கெடுப்பு நடத்துவதற்கென்று ஐ.நா. அனுப்பிய படைதான் மினுர்சோ. யார் யாருக்கு ஓட்டு என்ற சண்டையிலேயே வாக்கெடுப்பு செத்துப்போனது. 2020 நவம்பரில் போர்நிறுத்தமும் உடைந்தது. அடுத்த மாதம் டிரம்ப், மொராக்கோவின் இறையாண்மையை அங்கீகரித்தார். 2022-ல் ஸ்பெயின் மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தின் பக்கம் சாய்ந்தது, அதாவது விடுதலை இல்லை, மொராக்கோவின் ஆட்சிக்குள்ளேயே உள்ளூர் அதிகாரம். 2025 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு அவையே அந்தத் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படை என்று எடுத்துக்கொண்டது. கியூபாத் தம்பியின் வயதுக்காரர்கள் பாதிப் பேர் ஆயுதம்தான் வழி என்கிறார்கள். ஹைதர் இன்னமும் லாயூனில் இருந்துகொண்டு, கை ஓங்காமல் போராட வேண்டும் என்கிறார். எனக்கு அவர் பக்கம்தான் சரி என்று படுகிறது. ஆனால் அரை நூற்றாண்டு இந்தக் கல்தரையில் இருந்தவர்களிடம் பொறுமை பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

லான்சரோட்டேயில் அவர் ஏன் ஸ்பெயின் குடியுரிமையை மறுத்தார் என்பது இங்கே வந்தபின் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. அகதி ஆவதென்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், அவர் சொந்தங்களே சுவரின் இந்தப் பக்கம் அப்படித்தானே வாழ்கிறார்கள். ஊரை விட்டு ஒருவர் வெளியேறினால் ஊரில் ஒரு குரல் குறையும். அதைத்தான் மொராக்கோ எதிர்பார்த்தது. அவர் உயிரைப் பணயம் வைத்து அதைக் கொடுக்க மறுத்தார்.

ஹைதர் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் மிகச் சின்னது. மினுர்சோவுக்கு மனித உரிமை மீறல்களைக் கண்காணிக்கும் பொறுப்பு கிடையாது. உலகில் மற்ற பல ஐ.நா. படைகளுக்கு அது உண்டு. இந்தப் படையின் வண்டிகள் லாயூன் தெருவில் போகும்போதே ஒரு பையனைப் போலீஸ் அடித்தால், அதைக் குறித்து வைக்கும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. 2013-ல் அமெரிக்கா அந்தப் பொறுப்பைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்து, மொராக்கோ முறைத்ததும் பின்வாங்கியது.

ஊர் போனதும் என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதப்போகிறேன். 2000-ல் ஏன் விட்டீர்கள் என்பதைக் கேட்பேன். பூக்ரா பாஸ்பேட்டை வாங்கும்போது யாரிடம் அனுமதி கேட்டோம் என்பதைக் கேட்பேன். மினுர்சோவுக்குக் கண்காணிப்புப் பொறுப்பு வேண்டும் என்று இந்தியா ஐ.நா.வில் பேசுமா என்பதையும் கேட்பேன். கடிதத்தின் நகலை இங்கே போடுகிறேன். எடுத்து உங்கள் பெயரில் உங்கள் உறுப்பினருக்கு அனுப்புங்கள். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.